ஏணிப்பாட்டு

அத்தை என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், விடுகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. கூட்டம் என்றால் என் மாமியாருக்குப் பயம். எண்பது வயதுக்கு மேல் கல்யாண மண்டபத்தில் தொலைந்துபோய்விடுவோம் என்று பயம், தொலைந்தால் இந்த மருமகள் தேடமாட்டாள் என்றும் உள்ளூர ஒரு பயம் இருக்கலாம். சே, தேடாமல் விடுவேனா, தேடுவேன், கொஞ்சம் மெதுவாகத் தேடுவேன். அவளுடைய கைத்தடி என் பாதங்களின் மேல் குறுக்கே கிடக்கிறது. மடியில் பரிசுப் பெட்டி, குக்கரோ ஹாட்பாக்ஸோ, இவர் வாங்கியது, உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது, கனக்கிறது, இடது கை அதற்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. முன்வரிசை சோபா. உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்கிற சோபா, எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். சொந்தக்காரர்களை முன்னால் உட்கார வைப்பதுதான் மரியாதையாம். இவர் எங்களை உட்கார்த்திவிட்டு, "இங்கயே இருங்க, பந்தி எப்படியிருக்குன்னு பாத்துட்டு வர்றேன்" என்று போனவர் போனவர்தான். பந்தியைப் பார்க்கப் போனாரா, அந்தப் பேனரை மறுபடி பார்க்கப் போனாரா. வாசலில் பெண் மாப்பிள்ளை படத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார்கள், ஜெயசிங் இன்னிசைக் குழு, திண்டுக்கல். எனக்குச் செருப்பு தடுக்கியது. இவர் பேனரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் கையிலிருந்த கார் சாவியைப் பார்த்தார். "வா வா, கூட்டம் வர்றதுக்குள்ள உக்காந்துக்கலாம்" என்றார். தனசேகரன் என்று பெயர் வைத்தவர்கள் சாமர்த்தியசேகரன் என்று வைத்திருக்கலாம். அப்போதே தலை வலிக்கிறது என்று திரும்பியிருக்கலாம் நான். திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று என்னையே கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் சொல்லிக்கொள்ளப் பயமாக இருக்கிறது.

மேடையில் வலது பக்கம் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்குச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்து நிற்கிறார்கள், இடது பக்கம் சின்ன மேடையில் குழு. ஜெயசிங் அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இடுப்பு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பெரிய திரையில் அவர் முகம் வரும்போது காதுக்குள் வைத்திருக்கிற சின்னக் கருவி தெரிகிறது, எத்தனை பேர் சுருதியிலிருந்து அரைக்கால் விலகினாலும் கண்டுபிடித்த காது அது. ஆனால் மைக்கைப் பிடிக்கிற விதம் மாறவில்லை, சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு, டீ டம்ளரைப் பிடிப்பது போல. பின்னால் கீபோர்டில் கண்ணாடி போட்ட ஒரு பையன், பையன் என்ன பையன், முப்பது இருக்கும், தொந்தி வேறு. நான் நின்ற இடம் அது. பெண்பிள்ளை உட்கார்ந்து வாசிக்கட்டுமே என்று எந்த ஊரிலாவது நாற்காலி போடுவார்கள், அண்ணன் எடுத்துவிடுவார். "நின்னாத்தான் பொட்டிக்கு மரியாதை" என்பார். ஜப்பான் கீபோர்டு, போர்வையில் சுற்றி வேனின் கடைசி சீட்டில் என் மடியில்தான் வரும், மழை பெய்தால் எனக்குக் குடை கிடையாது, அதற்கு உண்டு. திருவிழா மேடைகளில் டியூப்லைட்டைச் சுற்றிய பூச்சிகள் கட்டைகளின் மேல் வந்து விழும், ஊதிவிட்டுக்கொண்டே வாசிப்பேன். தபால் ஆபீஸ் வேலை முடிந்து வந்த அப்பா ஜெனரேட்டர் பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு காவல் உட்கார்ந்திருப்பார், அந்தச் சத்தத்தில் ஒரு பாட்டும் அவர் காதில் விழுந்திருக்காது, ஆனால் மறுநாள் எல்லோரிடமும் "நேத்து புனிதா கலக்கிருச்சு" என்பார். கலக்கத்தான் செய்தேன். எனக்குப் பெரிய சங்கீதமெல்லாம் தெரியாது. ஸ என்றால் எனக்கு எப்போதும் அந்த ஒரே வெள்ளைக் கட்டைதான், எந்தப் பாட்டையும் அங்கிருந்துதான் பழகினேன். பாடுகிறவர் சுருதி ஏறினால் இறங்கினால் என் விரல் மாறாது, ஓரத்தில் ஒரு பொத்தான் இருக்கும், டிரான்ஸ்போஸ், அதை மூன்று தட்டுத் தட்டினால் விரல் இருந்த இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் மூன்று படி மேலே போய்விடும். சௌகரியம்தான். ஆபத்தும் அதில்தான். பெண்குரல் பாட்டுக்கு ஏற்றி வைத்துவிட்டு இறக்க மறந்தால், அடுத்துப் பாடுகிற ஆண்பிள்ளை தொண்டை கிழிய வேண்டியதுதான். அதனால் குழுவில் ஒரு சட்டம். ஒவ்வொரு பாட்டும் முடிந்து கைதட்டல் வரும்போது, மைக்கை நகர்த்திவிட்டு, அண்ணன் திரும்பாமலே சொல்வார், "பூஜ்யம்." நான் பொத்தானைத் தட்டிவிட்டு, "பூஜ்யம்" என்பேன். கோயிலில் மணியடித்த மாதிரி, ஒரு நாளும் தவறியதில்லை. கைதட்டல் ஜனங்களுக்குள் தணிவதற்கு முன்னால் எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும் கேட்கிற அந்த ஒரு சொல். எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்ப ரொம்பப் பிடித்திருந்தது, ஐஸ் பிடிக்கும் சினிமா பிடிக்கும் என்கிற மாதிரியான பிடித்தம் இல்லை அது.

இடது கை சுண்டுவிரல் பெட்டிக்கு அடியில் தட்டுகிறது. அதற்குப் புத்தி கிடையாது. குழம்பு இறக்கி வைத்தாலும் தட்டும், துணி மடித்து முடித்தாலும் தட்டும், தீபிகா பிறந்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோதும் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தது என்று நர்ஸ் சொன்னாள். எது முடிந்தாலும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் அதற்கு. கல்யாணமான புதிதில் அத்தை என் விரல்களையே பார்ப்பாள். "என்ன கண்ணு, விரலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள். "டைப்ரைட்டிங் அத்தை, ஹையர் முடிச்சிருக்கேன், அந்தப் பழக்கம்" என்றேன். வாயில் வந்தது. ஜாதகத்தோடு போன தாளிலும் அப்படித்தான் இருந்தது, டைப்ரைட்டிங் ஹையர், ட்யூஷன் எடுக்கிறாள். இரண்டும் பொய்யில்லை, ஆனால் நான் அது இல்லை. எழுதச் சொன்னவர் யார், இவர்தான். கரூர் மாரியம்மன் வைகாசித் திருவிழாவில், கோயில் கம்பத்தை ஆற்றில் விடுவதற்கு முந்தின நாள் கச்சேரியில், முதல் வரிசையில் மூங்கில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தவர். பார்த்து, விசாரித்து, தூது விட்டு, அப்பாவின் ஆபீஸுக்கே வந்து பேசியவர். கல்யாணத்தன்றைக்கு என் கையை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தக் கையப் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன்" என்று சொன்னவர். எவ்வளவு சந்தோஷம் எனக்கு. அந்தச் சந்தோஷத்தின் ஈரம் காய்வதற்குள் அதே மூச்சில் சொன்னார், "அம்மா பழைய காலத்து ஆளு. மேடையில வாசிச்சேன்னு தெரிஞ்சா தாங்காது. கொஞ்ச நாளைக்குக் காட்டிக்க வேண்டாம்." கொஞ்ச நாள். மாமனார் படுக்கையில் இருந்தார், கொஞ்ச நாள். அவர் போனார், தீட்டு, கொஞ்ச நாள். தீபிகா, அவளுக்கு முடியில்லாத தலையில் அம்மை, அப்புறம் பள்ளிக்கூடம், கொஞ்ச நாள். இருபத்தாறு வருஷம் ஒரே தடவையில் போகவில்லை, கொஞ்ச நாள் கொஞ்ச நாளாகத்தான் போயிற்று. மேடைப் போட்டோ ஒன்று டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன், அதைக்கூட இவர் பார்த்துவிட்டு, "அம்மா கண்ல பட்டா வம்பு, நான் பத்திரமா வெக்கறேன்" என்று கடைக்கு எடுத்துப் போனார். பத்திரமாகத்தான் இருக்கும். மோட்டார் ரிப்பேர் கடையில் எந்தச் செம்புக்கம்பிச் சுருளுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறதோ.

அத்தை பாவம் என்று சொல்ல மாட்டேன், அவளுக்கும் கண் உண்டு, வாய் உண்டு. ஆனால் அவளைப் பார்த்துப் பயந்தே ஒரு ஆயுசு போயிற்று என்பதை அவளே நம்ப மாட்டாள். ஒரு நாள் கிரைண்டர் மூடி நழுவி என் கை மேல் விழுந்தது, மாவு முழுக்கச் சிந்தியது, அத்தை கூடத்திலிருந்து ஓடி வந்து, "ஐயோ, விரலு! விரலு!" என்று கத்தினாள். மாவை விட்டுவிட்டு விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். நாளைக்குத் தோசை யார் சுடுவது என்கிற கவலை என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை, தீபிகா இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ, அத்தை திடீரென்று, "இந்தப் புள்ளைக்கு ஒரு பாட்டுப் பொட்டி வாங்கிக் குடுக்கறதுதானே" என்றாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. தெரிந்துவிட்டது, தூண்டில் போடுகிறாள், கொத்தினால் செத்தோம். "எதுக்கு அத்தை அதெல்லாம், படிக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். தீபிகா படித்தாள், பெங்களூரில் இருக்கிறாள், அவளுக்குச் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது, பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்வாள், கேட்டது என்ன பாட்டு என்று கேட்டால் முழிப்பாள். அது என் தப்பா, இவர் தப்பா, தூண்டில் போட்ட அத்தையின் தப்பா. யோசிக்க ஆரம்பித்தால் இந்த இடத்தில் வந்து நூல் சிக்கிக்கொள்ளும், எப்போதும் இங்கேதான்.

காமிரா வருகிறது. நீளக் கம்பியின் முனையில் கட்டி, தலைக்கு மேல் கொக்கு மாதிரி ஆட்டி ஆட்டிக் கூட்டத்தைப் படம் பிடிக்கிறார்கள், பிடித்ததைப் பெரிய திரையில் காட்டுகிறார்கள். பின்வரிசை போய்விட்டது, நடுவரிசையில் ஒரு குழந்தை அப்பளத்தோடு, இப்போது முன்வரிசை, நான் குனிந்துகொள்கிறேன், பெட்டியின் ரிப்பனைச் சரிசெய்கிற மாதிரி. ஜெயசிங் அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் கச்சேரி நடுவில் கூட்டத்தை ஒரு அலசு அலசுவார், பழைய ஆள் யாராவது கண்ணில் பட்டால் விடமாட்டார், மேடைக்கு இழுத்துவிடுவார். வத்தலக்குண்டில் பலசரக்குக் கடைக்காரர் ஒருவரை, "நம்ம குழுவோட முதல் டிரம்மர்!" என்று கூப்பிட்டு, அந்த மனுஷன் லுங்கியோடு மேடையேறி அழுததை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு என்னைப் பார்த்தால்? "நம்ம கீபோர்டு புனிதா!" என்று ஸ்பீக்கர் அதிரச் சொல்வார், மண்டபம் முழுக்கச் சொந்தம், அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தபடி, "யாரு? யாரச் சொல்றாங்க?" என்பாள். அதற்குத்தான் குனிந்திருக்கிறேன். ஆனால் காமிரா போய்விட்டது. திரையில் ஒரு விநாடி என் உச்சந்தலை வந்தது, நரைத்த வகிடு, அவர் திரையைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். தெரியவில்லை அவருக்கு. அப்பாடா. அப்பாடா என்று நினைத்தேன், நெஞ்சு அப்பாடா என்று சொல்லவில்லையே. கழுத்தை நிமிர்த்திப் பார்த்தால் என்ன, ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டுமே. பார்த்துவிடக் கூடாது என்று ஒரு பயம், பார்க்காமலே போய்விடுவாரோ என்று ஒரு பயம், இவ்வளவுதான் என்று பார்த்தால் அதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது, அதுதான் என்னைக் கொல்கிறது. அத்தைக்குத் தெரிந்து, அத்தை, "அப்பிடியா, வாசிச்சியா" என்று கேட்டுவிட்டுப் பாயசம் எப்போது என்று விசாரித்தால்? காலம் மாறிவிட்டது, கல்யாணப் பெண்ணே மேடையில் ஆடுகிறாள், யார் என்ன சொல்லப்போகிறார்கள். ஒன்றும் ஆகாது என்றால், இத்தனை வருஷமும் ஒன்றும் ஆகாததற்காகவா பூட்டி வைத்தேன். திருடன் வராத வீட்டுக்கு விடிய விடியக் காவல் இருந்த மாதிரி. அதைவிட அவள் தாங்கமாட்டாள் என்பதே நிஜமாக இருக்கட்டும் சாமி, மயங்கி விழட்டும், என்னைத் திட்டட்டும், அடுத்த சோபாவுக்குக் கேட்கிற மாதிரி திட்டட்டும்.

மேடையில் ஜிமிக்கி போட்ட பெண் பாடி முடிக்கிறாள். நல்ல குரல், உச்சஸ்தாயியில் சும்மா நின்று விளையாடுகிறது, கண்ணாடிக்காரன் அவளுக்காக மூன்று படி ஏற்றியிருந்தான், அதை எண்ணாமலே என் காது எண்ணிவிட்டது. கைதட்டல். இப்போது அண்ணன் சொல்ல வேண்டும். உதடு அசையப் போகிறது, மைக்கை நகர்த்துகிறார், அதற்குள் வேட்டி கட்டிய ஒருவர் ஏறி வந்து அவர் காதில் ஏதோ சொல்கிறார், அந்தக் காதில் கருவி, மறுபடி சொல்கிறார், அண்ணன் மைக்கைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து, "ஒரு சின்ன அறிவிப்பு. கேட் பக்கத்துல வெள்ளைக் கார் ஒண்ணு வழிய மறிச்சு நிக்குதாம். சமையல் வண்டி உள்ள வர முடியலை. தயவுசெஞ்சு எடுத்துருங்க. எடுத்தாத்தான் சாப்பாடு" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. வெள்ளைக் கார் எங்களுடையதாகத்தான் இருக்கும், இவர் நிறுத்துகிற இடமெல்லாம் அப்படித்தான். கண்ணாடிக்காரன் அந்த நேரத்தில் போனை எடுத்துப் பார்த்துச் சிரிக்கிறான். பொத்தானைத் தொடவில்லை. தொட்டானா? தொடவில்லை. என் சுண்டுவிரல் பெட்டிக்கு அடியில் தட்டுகிறது, அங்கே தட்டி என்ன. "அடுத்து," என்கிறார் அண்ணன், "நாப்பது வருஷமா நான் பாடிக்கிட்டிருக்கற ஒரு பாட்டு. டாக்டர் பாடாதேங்கறாரு. இன்னிக்கு மட்டும்." எந்தப் பாட்டு என்று அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குழுவில் அதற்கு ஏணிப்பாட்டு என்று பெயர். பல்லவி முழுக்கக் கீபோர்டு மட்டும்தான் துணை, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், சரணத்தில் ஒவ்வொரு படியாகக் குரல் ஏறும், ஏறி ஏறிக் கடைசிப் படியில் போய் நிற்க வேண்டும். வயசுக்காலத்திலேயே அவர் கால் கட்டைவிரல் நுனியில் எம்பித்தான் அந்தப் படியைத் தொடுவார். இந்த ஏணியை மூன்று படி தூக்கி வைத்தால் எழுபது வயதில் எங்கே ஏறுவார், சொந்தக்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், உடைகிற குரலை ஊர் முழுக்க அனுப்புவார்கள், கிழவனுக்கு எதுக்கு இந்த ஆசை என்று பந்தியில் பேசுவார்கள்.

கண்ணாடிக்காரன் ஆரம்பித்துவிட்டான். முதல் ஸ்வரத்திலேயே எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது, தப்பு, வீடு மாறி நுழைந்துவிட்ட மாதிரி தப்பு, அதே கதவு அதே ஜன்னல், ஆனால் நம் வீடு இல்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். கேட்கவில்லையா உங்களுக்கு அண்ணே. அந்தக் காது எப்படி விடும். விட்டுவிட்டது, தலையை ஆட்டுகிறார், மைக்கை இன்னும் அருகில் கொண்டுவருகிறார், அந்தச் சுருதியையே பிடித்துக்கொள்ளப் போகிறார். முகப்பு இசை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, இப்போது கீழே இறங்கும், ஒரு சுற்றுச் சுற்றும், அங்கே நிற்கும், நின்ற இடத்தில் அவர் வாயைத் திறப்பார். திறந்துவிட்டால் முடிந்தது. யாராவது சொல்லுங்களேன், அந்தத் தபலாக்காரருக்குத் தெரியவில்லையா, கிடார் வைத்திருப்பவன் கொட்டாவி விடுகிறான். வலது கையை அத்தை பிடித்திருக்கிறாள், இடது கை பெட்டிக்கு அடியில், காலில் கைத்தடி, இந்தப் பாழாய்ப்போன சோபா. இறங்கிவிட்டது. சுற்றுகிறது. நான் எதற்கு, எனக்கு என்ன, நான் டைப்ரைட்டிங் ஹையர், நான் ட்யூஷன், நான் தனசேகரன் சம்சாரம், அண்ணன் மூச்சை இழுக்கிறார், நெஞ்சு உயர்கிறது.

"பூஜ்யம்!"

யார் கத்தியது. முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது, மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் அட்சதைத் தட்டுக்கு மேலிருந்து பார்க்கிறார்கள், பக்கத்து சோபாப் பெரியவர், "என்னங்க இது, நல்ல காரியத்துல பூஜ்யங்கறாங்க" என்கிறார். தொண்டை எரிகிறது, அதனால் கத்தியது நான்தான் என்று தெரிகிறது. அண்ணனின் கை உயர்ந்துவிட்டது. பாட்டு நிற்கிறது. கண்ணாடிக்காரன் குனிந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, பொத்தானைத் தட்டுகிறான். அண்ணன் விளக்கு வெளிச்சத்துக்கு நேரே உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு கூட்டத்தைத் துழாவுகிறார், முகத்தில் விளக்கு அடித்தால் அவருக்கு எங்களில் யாரையும் தெரியாது, வெறும் இருட்டுதான் தெரியும், நான் அங்கே நின்றவள், எனக்குத் தெரியும். "யாரும்மா அது," என்கிறார் மைக்கில், "புனிதாவா?" மண்டபத்தின் எல்லா மூலையிலிருந்தும் என் பெயர் வருகிறது. அவர் கையை இறக்கினார். "சரி. தம்பி, முதல்லருந்து" என்றார். பாட்டு அதனுடைய வீட்டிலிருந்து ஆரம்பித்தது.

நான் திரும்பாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் அத்தையின் பிடி இருந்தபடியே இருந்தது. மயங்கி விழவில்லை. "உங்க வாத்தியாரா அவரு?" என்றாள். "அத்தை, நான் வந்து, கல்யாணத்துக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமாக்கும்" என்றாள் அத்தை. "பொண்ணுப் பாக்கப் போறதுக்கு முன்னாடியே தனசேகரன் சொல்லீட்டான். மாரியம்மன் நோம்பில மேடையேறிப் பொட்டி வாசிச்ச புள்ளைம்மா, கட்டினா அவளத்தான் கட்டுவேன்னான். வாசிச்சா வாசிச்சுட்டுப் போறா, நல்ல புள்ளையான்னு பாருடான்னேன். நீ வந்து ஒரு வருசமாச்சு, ரெண்டு வருசமாச்சு, பொட்டியவே காணோம். ஏண்டா அந்தப் புள்ள வாசிக்கறதே இல்லைன்னு கேட்டேன். அவளுக்குப் புடிக்கலைம்மா, உட்டுட்டா, நீ பேச்செடுத்தா மனசு நோவும்னான். நானும் எடுக்கலை கண்ணு. உன்ற விரலு கேட்டுச்சா? என்ற ஏனம் பாத்திரமெல்லாம் தட்டிக்கிட்டு. டைப்பாம் டைப்பு. புள்ளைக்காச்சும் ஒண்ணு வாங்கிக் குடுன்னு சொல்லிப் பாத்தேன், நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டே. சரி, நெசமாலுமே புடிக்கலையாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்."

அண்ணன் சரணத்துக்கு வந்துவிட்டார், ஒவ்வொரு படியாக ஏறுகிறார். அத்தைக்குத் தெரியும். எல்லாம் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் தாங்காது என்று நான் பொத்தி வைத்தேன், பேசினால் எனக்குத் தாங்காது என்று அவள் பொத்தி வைத்தாள், ஒரே அடுப்படியில், ஒரே அம்மிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். ஐயோ, விரலு! என்று அவள் கத்தியது தோசைக்கு இல்லை. கத்த வேண்டும் போலிருக்கிறது மறுபடி, அழ வேண்டும் போலவும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கின்றன. பூட்டே இல்லை. கதவைச் சாத்திவிட்டு இந்தப் பக்கம் என்னிடம் ஒன்றும் அந்தப் பக்கம் அவளிடம் ஒன்றும் சொல்லிவிட்டுப் போனார், ஒருவர். அவ்வளவுதான் வேலை. மூங்கில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிடித்ததை ஊர் பார்க்கக் கூடாது என்று நினைத்துவிட்டார். அம்மாவைக் காட்டி என்னை நிறுத்தினார், என்னைக் காட்டி அம்மாவை நிறுத்தினார், நடுவில் கடையைத் திறந்தார் மூடினார். அண்ணன் கடைசிப் படிக்கு வந்துவிட்டார், கட்டைவிரல் நுனியில் எம்புகிறார், குரல் நடுங்குகிறது, தொட்டுவிட்டார், இரண்டு விநாடி நின்றுவிட்டு இறங்குகிறார். கைதட்டல். அவர் மைக்கை நகர்த்துகிறார். இத்தனை தூரத்திலிருந்தும் உதடு எனக்குத் தெரிகிறது. பூஜ்யம் என்கிறார். கண்ணாடிக்காரன் தட்டுகிறான், திருப்பிச் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. "பூஜ்யம்" என்றேன் நான், வாய்க்குள்.

"புனிதா இருந்தா மேடைக்கு வாம்மா" என்று ஸ்பீக்கர் சொல்கிறது. எனக்கு இனிமேல் வராது, மாவு பிசைந்த கை, மூட்டு வலிக்கிற கை, அந்த வெள்ளைக் கட்டை எங்கே இருந்தது என்றுகூட நினைவில்லை. நினைவிருக்கிறது. அத்தை மணிக்கட்டை விட்டாள். அவளாகத்தான் விட்டாள். தோலில் அவளுடைய நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. பெட்டியைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன், "ஏ, கனக்குது" என்றாள், வைத்துக்கொண்டாள். கைத்தடியை நகர்த்தினேன். சோபாவின் கைப்பிடியை அழுத்தி எம்பி எழுந்தேன், யாரும் கை கொடுக்கவில்லை, எழுந்திருக்க முடிகிறது. எழுந்தால் எதிரே இவர். இரண்டு கையிலும் ஐஸ்கிரீம் கப்பை வைத்துக்கொண்டு, சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில், போகிற ஒரே வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார். கார் சாவி சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது.

"யாரோ கத்துனாங்களாமே, என்ன?" என்றார். என் முகத்தைப் பார்த்தார், அம்மா முகத்தைப் பார்த்தார். ஐஸ்கிரீம் ஒரு கப்பிலிருந்து வழிந்து அவர் விரலில் இறங்கியது. "எங்க போற, புனிதா?"

"வழி விடுங்க" என்றேன்.